வேலை கொடுக்கிறவர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்?

சேல்ஸ் வேலை ஒன்று வந்திருக்கிறது, எல்லாம் நன்றாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் என்னமோ நெருடுகிறது, சேரலாமா என்று தெரிந்த தம்பி ஒருவர் கேட்டார். நெருடுகிறது என்றால் சேர வேண்டாம் என்றேன். "காரணம் சொல்லத் தெரியலையே அண்ணா" என்றார். காரணம் மெதுவாக வரட்டும், அதுவரை கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும்.

சேல்ஸைப் பழிக்கவில்லை, நானும் அதில் பிழைத்தவன்தான். நல்ல சரக்கு, மாதம் பிறந்தால் சம்பளம், அதற்கு மேல் கமிஷன் என்றால் ரசித்துச் செய்யலாம். நான் சொல்வது ஒன்றுதான். இன்டர்வியூவில் உங்களை எப்படி நடத்துகிறார்களோ, நாளைக்கு வாடிக்கையாளரை அப்படித்தான் நடத்தச் சொல்வார்கள். அந்த அறையில் முதலில் விற்கப்படும் சரக்கே அந்த வேலைதான்.

ஒரு இடத்தில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். "உங்களுக்கு எவ்வளவு வேணும் சார்? அதை நீங்களே முடிவு பண்ணலாம்" என்று சிரித்தார். மறுபடி கேட்டதும் ஒரு தாளை எடுத்து வட்டம் வட்டமாகப் போட ஆரம்பித்துவிட்டார், நடுவில் நான், எனக்குக் கீழே நாலு பேர், அவர்களுக்குக் கீழே ஆளுக்கு நாலு பேர். தாள் நிறைந்துவிட்டது, நான் கேட்ட தொகை மட்டும் அதில் இல்லை. அப்புறம் போனை எடுங்கள், தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதுங்கள் என்று பேனாவைத் திறந்தே நீட்டினார். வேலை கிடைத்ததா என்றே தெரியாது, அதற்குள் என் மாமாவும் பக்கத்து வீட்டுக்காரரும் பழைய வாத்தியாரும் அவருக்கு லீட், அதாவது விற்றுப் பார்க்கக்கூடிய ஆட்கள், ஆகிவிட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

உள்ளுணர்வை எப்போதும் நம்பலாமா என்றால், இல்லை. டேனியல் கானமேன், கேரி க்ளைன் என்று இரண்டு உளவியலாளர்கள். முதலாமவர் உள்ளுணர்வு எங்கெல்லாம் சறுக்கும் என்று காட்டிப் பேர் வாங்கியவர், இரண்டாமவர் தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வை ஆராய்ந்து அதை மெச்சியவர். இந்த இரண்டு பேரும் 2009-ல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அதில் நமக்கு நீண்ட பழக்கம் இருக்க வேண்டும், நம் கணிப்பு பலித்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியும் இருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளுணர்வை நம்பலாம் என்றார்கள். எனக்குத்தான் சேல்ஸ் அனுபவமே இல்லையே என்பீர்கள். விற்ற அனுபவம் இல்லாமல் இருக்கலாம், வாங்கிய அனுபவம் இல்லையா? விவரம் தெரிந்த நாளிலிருந்து யாராவது எதையாவது நம் தலையில் கட்டத்தானே பார்க்கிறார்கள், அதில் ஏமாந்து, அப்புறம் சுதாரித்து, கேள்வி கேட்டால் பேச்சை மாற்றுகிற ஆளின் முகம் நமக்கு அத்துப்படி.

பயத்தையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்பின் தெரியாதவருக்கு எப்படிப் போன் போடுவது, டார்கெட்டை முடிக்க முடியுமா என்ற கலக்கம் நல்ல கம்பெனியில் சேர்ந்தாலும் வரும், பழகினால் போய்விடும். அது நம்மைப் பற்றியது. நெருடல் அவர்களைப் பற்றியது, கேள்வி கேட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். விற்பனையே ஆகாத மாதத்தில் கைக்கு என்ன வரும்? வாடிக்கையாளர் ரத்து செய்தால் எனக்குக் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிப்பீர்களா? வாங்குகிற ஆட்களை நீங்கள் காட்டுவீர்களா, நானே தேட வேண்டுமா? எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார்? நல்ல மேனேஜரிடம் இதற்கெல்லாம் பதில் இருக்கும், அது நமக்குப் பிடிக்காத பதிலாகக்கூட இருக்கலாம். மற்றவர் "நெகட்டிவா யோசிக்காதீங்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எழுந்து போகலாம் என்பது என் கட்சி.

அப்புறம் அந்த அவசரம். இன்றைக்கே சொல்லணும், ஒரே ஒரு இடம்தான் பாக்கி, வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள். வாசலுக்கு வந்து விற்பவரிடம் மறுக்க முடியாமல் வாங்கிவிடுகிறார்கள் என்பதற்காகவே அமெரிக்காவில் எஃப்டிசி என்கிற வர்த்தக ஆணையம் 1972-ல் ஒரு விதி கொண்டுவந்தது, கையெழுத்துப் போட்ட பிறகும் 3 வேலை நாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பொருள் வாங்குகிறவருக்கே அவகாசம் தேவைப்பட்டிருக்கிறது, வேலைக்குச் சேர்கிறவருக்குத் தேவைப்படாதா? அந்த விதி நமக்குப் பொருந்தாது, அதனால் நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். "சரி சார், ஆஃபர் லெட்டரை மெயிலில் அனுப்புங்க, படித்துவிட்டுச் சொல்கிறேன்." இதற்குக் கோபப்படுகிறவரிடம் வேலை செய்து என்ன கிடைக்கப் போகிறது?

பணமுடை என்று ஒன்று இருக்கிறது, அது எனக்கும் தெரியும். வேறு வழியில்லை என்றால் சேருங்கள், தப்பே இல்லை. பயிற்சிக் கட்டணம், டெபாசிட், கிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கைக்காசைக் கொடுக்காதீர்கள், போனில் உள்ள பெயர்களை எழுதித் தராதீர்கள், வேறு வேலை தேடுவதை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.