90 நாள் சான்றும் தேய்ந்த ரேகையும்

கட்டுமானத் தொழிலாளியின் பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை உண்டு என்று கேட்கும்போது இனிக்கத்தான் செய்கிறது. விண்ணப்பிக்கப் போனால்தான் கசப்பு தெரிகிறது. சட்டப்படி, அந்த உதவியைத் தரும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பெற முந்தைய 12 மாதங்களில் 90 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். விதி நியாயமானதுதான். ஆனால் இந்த வாரம் ஒரு மேஸ்திரியிடமும் அடுத்த வாரம் வேறொருவரிடமும் சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, அந்த 90 நாளையும் எண்ணிக் கையெழுத்திட எந்த மேஸ்திரி பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார்?

சரி, வாரிய அட்டை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அட்டையில் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை; ஒரே ஆள் மூன்று ஆளாகிவிட்டார்! இங்கே கேட்டால் முதலில் அதைத் திருத்து என்பார்கள். அங்கே போனால் முதலில் இதைத் திருத்து என்பார்கள். ஸ்கேன் செய்த சான்றிதழ் அளவில் பெரிதாம். சுருக்கினால் எழுத்து தெரியவில்லையாம். ஓ.டி.பி. மட்டும் தவறாமல் போகும், எப்போதோ தொலைந்த பழைய எண்ணுக்கு.

இவை போதாதென்று, சிமெண்ட் அரித்து ரேகை தேய்ந்த விரலைக் கைரேகைக் கருவி ஏற்க மறுக்கிறது. இவர் கட்டுமானத் தொழிலாளிதான் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேறென்ன வேண்டுமாம்? இத்தனைக்கும் கட்டடச் செலவில் 1 சதவீதம், இந்தத் தொழிலாளர் நலனுக்கென்றே செஸ் வரியாக வசூலாகிக்கொண்டுதான் இருக்கிறது. விண்ணப்பமோ மாதக்கணக்கில் ‘பரிசீலனையில்’ உறங்குகிறது. கல்லூரி மட்டும் கடைசித் தேதி தாண்டிய மறுநாளே அபராதத்தோடு கட்டணம் கேட்கிறது.