பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் பிஷப் கேட்கும் கேள்வி

அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் கிறிஸ்தவச் சபையின் கற்பு நெறியை, அதாவது திருமணத்துக்கு வெளியே உடலுறவு கூடாது என்ற விதியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உடையோடு நின்றுவிடுகிறார்கள். தோள் தெரியக்கூடாது, பதினாறு வயதுக்கு முன் டேட்டிங் கூடாது, காதுக்கு ஒரு ஜோடிக் கம்மல் போதும் என்கிற விதிகள். 2022இல் இளையோர் கையேட்டைத் திருத்தியபோது உடை அளவுகளைச் சபையே எடுத்துவிட்டது. எனக்கு அதில் பெரிய சண்டை இல்லை. என் சண்டை, மூடிய அறைக்குள் நடக்கும் நேர்காணலோடு.

அங்கே ஓர் ஊர்ச் சபையை நடத்தும் பிஷப் என்பவர் குருமடத்தில் படித்த பாதிரியார் அல்ல. பல் மருத்துவராக இருக்கலாம், கணக்காளராக இருக்கலாம். சம்பளம் கிடையாது, ஐந்தாண்டு போலப் பொறுப்பில் இருப்பார், எப்போதும் ஆண். அந்த ஆண், பன்னிரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளிலிருந்து தொடங்கி, ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார். கற்பு நெறிப்படி வாழ்கிறாயா என்பது அதில் ஒரு கேள்வி. 'ஆம்' என்றால் அடுத்த கேள்வி. தயங்கினால்தான் ஆபத்து. எங்கே தொட்டான், எத்தனை முறை, உடையோடா இல்லாமலா என்று சில பிஷப்புகள் தோண்டிக் கேட்டதைப் பெண்கள் பலர் வெளியே வந்து சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கேள்விகள் எந்தக் கையேட்டிலும் இல்லை. ஆனால் கேட்பவரைத் தடுக்க அறையில் வேறு யாரும் இல்லை.

ஒப்புக்கொண்டால் என்ன ஆகும்? முதல் தண்டனை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை அப்பமும் தண்ணீரும் எடுக்கக்கூடாது என்பது. கேட்கச் சின்ன விஷயம் போலிருக்கும். அங்கே தட்டு வரிசை வரிசையாகக் கைமாறி வரும். அந்தப் பெண் தட்டை வாங்கி, எதையும் எடுக்காமல், பக்கத்தில் இருக்கும் அம்மாவிடமோ தோழியிடமோ நீட்ட வேண்டும். பிஷப் ரகசியம் காத்தாலும் அந்த ஒரு கையசைவில் வரிசைக்கே தெரிந்துவிடும். தட்டை ஏந்தி வருகிறவனும் பெரும்பாலும் அவள் வயதுப் பையன்தான். அடுத்து, சபையின் கோவிலுக்குள் போவதற்கான அனுமதிச் சீட்டும் பறிபோகலாம். அது இல்லாமல் கோவிலில் கல்யாணம் நடக்காது.

சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான் என்பார்கள். ஏட்டில் அப்படித்தான். பாடம் அப்படி இல்லை. அடக்கமில்லாமல் உடுத்தும் பெண், பார்க்கும் ஆண்களில் சிலருக்கு ஆபாசப்படமாகவே ஆகிவிடுகிறாள் என்று சபையின் 2005 ஏப்ரல் மாநாட்டில் பேசினார் டாலின் ஓக்ஸ். சபையின் உயர் தலைமையில் ஒன்றான பன்னிருவர் குழுவின் அப்போஸ்தலராக அப்போது இருந்தார் அவர். ஆணின் பார்வைக்கும் பெண்ணே பொறுப்பு என்று பழகிய பிறகு, ஆணின் வன்முறைக்கும் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ள அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

சபையின் வேதநூலான மோர்மன் புத்தகத்தில் மரோனி 9:9 வசனத்தைப் பாருங்கள். நேபியர் என்ற இனத்தார் தாங்கள் சிறைபிடித்த லாமானிய இனப் பெண்களைக் கெடுத்துக் கொன்றதைச் சொல்லும்போது, எல்லாவற்றிலும் அருமையான கற்பை அவர்களிடமிருந்து பறித்தார்கள் என்கிறது. வல்லுறவில் கற்பு 'பறிபோகும்' என்று சொல்லும் அந்த வசனத்தைத்தான், நற்பண்பு பற்றிய பயிற்சியில் சிறுமிகளுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். 2016இல்தான் நீக்கினார்கள்.

இதன் விளைவை எலிசபெத் ஸ்மார்ட் தன் வாயாலேயே சொன்னார். மோர்மன் குடும்பத்தில் வளர்ந்து, 2002இல், பதினான்கு வயதில், சபையின் தலைமையகம் இருக்கும் சால்ட் லேக் சிட்டியில் தன் வீட்டிலிருந்து கடத்தப்பட்டு ஒன்பது மாதம் சித்திரவதைப்பட்டவர். உடலுறவு கொண்டவள் மென்று துப்பிய சூயிங்கம் போல என்று சின்ன வயதில் ஓர் ஆசிரியை சொன்ன பாடம், வல்லுறவுக்குப் பிறகு தன் நினைவுக்கு வந்ததாகவும், இனி நம்மை யார் தேடுவார்கள் என்று நினைத்ததாகவும் 2013இல் பேசினார். தப்பி ஓடும் துணிச்சலையே அரிக்கிற பாடம் அது.

யூட்டா மாநிலத்தின் பிரோவோ நகரில் சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் இதே சிந்தனை நிர்வாக வடிவம் எடுத்தது. வல்லுறவைப் புகார் செய்த மாணவிகள்மீதே, ஆணின் அறைக்கு ஏன் போனாய், ஏன் குடித்தாய் என்று ஒழுக்க விதி விசாரணை வந்தது. 2016இல் மாணவிகள் வெளிப்படையாகப் பேசினார்கள். சால்ட் லேக் டிரிபியூன் செய்தித்தாள் விடாமல் எழுதி, 2017இல் புலிட்சர் பரிசும் பெற்றது. இந்தச் செய்திகள் வெளிவந்த பிறகுதான் புகார் தருபவரை ஒழுக்க விதியால் தண்டிப்பதில்லை என்ற விலக்கு வந்தது. அதுவரை அந்த விதி யாருக்குப் பயன்பட்டது என்று யோசியுங்கள்: சொன்னால் உன்னைத்தான் நீக்குவார்கள் என்று மிரட்டத் தெரிந்தவனுக்கு.

வன்கொடுமைக்கு ஆளானவர் பாவம் செய்தவர் அல்ல என்று சபையின் பொதுக் கையேடு இன்று தெளிவாகச் சொல்கிறது. நேர்காணலிலும் 2018இல் மாற்றம் வந்தது: கேள்விகளை வெளிப்படையாக வெளியிட்டார்கள், பிள்ளை விரும்பினால் பெற்றோரோ வேறு பெரியவரோ கூட இருக்கலாம் என்றார்கள். இந்த மாற்றங்களை நான் மதிக்கிறேன். தனியறை நேர்காணலும் பாலியல் கேள்விகளும் அடியோடு வேண்டாம் என்று அதே ஆண்டு சால்ட் லேக் சிட்டியில் ஊர்வலம் நடத்தி உண்ணாவிரதம் இருந்த முன்னாள் பிஷப் சாம் யங்கை, அந்தச் செப்டம்பரிலேயே சபையிலிருந்து நீக்கியதை மதிக்க முடியவில்லை.

'பிள்ளை விரும்பினால்' என்பதில்தான் ஓட்டை. ஊரே மதிக்கும் மனிதரிடம், உங்களோடு தனியாக இருக்கமாட்டேன் என்று ஒரு சிறுமி எப்படிச் சொல்வாள்? சொன்னால், எதையோ மறைக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். அதை அப்படியே திருப்பிப் போடுங்கள். இன்னொரு பெரியவர் இருப்பதே விதியாகட்டும், தனியாகப் பேச வேண்டுமென்றால் பிள்ளை கேட்கட்டும். கற்பு பற்றிய கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' தாண்டி ஒரு கேள்வியும் கூடாது என்று கையேட்டில் எழுதுங்கள். சிறுமிகளின் நேர்காணலை இளம்பெண்கள் பிரிவின் தலைவி நடத்தட்டும். 2018 மாற்றங்களுக்குத் தலைமையகத்தின் சுற்றறிக்கை போதுமானதாக இருந்தது. இதற்கும் அது போதும்.