சோர்வும் சினமும் குணக்கேடு அல்ல

தைராய்டு குறைபாடுள்ள நடுவயதுப் பெண்கள் மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அந்த அமைதியைக் குலைப்பதே இந்நோயின் இயல்பு என்பதையும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். என் மனைவிக்கு 46 வயதில் ஹாஷிமோட்டோ தைராய்டு அழற்சி கண்டறியப்பட்டது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-லேயே விவரித்த இந்நோயில், உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டு சுரப்பியைத் தாக்குவதால், சோர்வு, மறதி, காரணமற்ற அழுகை, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை ஆகியவை மெல்ல மெல்லச் சேர்ந்து வருகின்றன. உறவினர்களோ அதைச் சோம்பல் என்றும் கோபக்காரி என்றும் பெயரிட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வலித்தது அதுதான்.

தைராய்டு ஹார்மோன் குறையை ஈடுசெய்யும் லெவோதைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி, காபிக்கு அரைமணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பதால், காலைக் காபியைக் கணவர் போடுவது சிகிச்சையின் ஒரு பகுதியே. மாத்திரையின் அளவை மாற்றினால், ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தே டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை சரியான நிலையைக் காட்டும். அதுவரை மனைவியின் சொற்களைக் கொண்டு மணவாழ்வை எடைபோடாதீர்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். "நன்றாக இருக்கிறேன்" என்று அவர் மழுப்பும்போது, தூங்காத இரவுகளை நீங்கள் எடுத்துச் சொல்லலாம். டி.எஸ்.எச். சீரான பின்பும் மனச்சோர்வு நீடித்தால், மாதவிடாய் நிற்கும் பருவத்தின் மாற்றங்களையும் கருத்தில் கொண்டு, மனநல மருத்துவரை இருவரும் சேர்ந்தே பாருங்கள்.