எல்லாவற்றையும் டாக்கருக்குள் தள்ள வேண்டாம்

ஆப்பையும் அதற்கு வேண்டியவற்றையும் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கர் 2013இல் வந்த பிறகு, "என் சிஸ்டத்தில் ஓடுதே" என்று கையை விரிப்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் புது ப்ராஜெக்ட் என்றதும் டேட்டாபேஸ், கேஷ், நாம் எழுதும் கோட், எடிட்டர் என அத்தனையையும் முதல் நாளே கண்டெய்னருக்குள் தள்ளிவிட வேண்டும் என்று சிலர் அடித்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

டேட்டாபேஸை உள்ளே வையுங்கள், கண்ணை மூடிக்கொண்டு வையுங்கள். ஒரு ப்ராஜெக்ட்டுக்கு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் வெர்ஷன் 13, இன்னொன்றுக்கு 16 என்றால் லேப்டாப்பில் நேரடியாக நிறுவிச் சமாளிப்பது தலைவலி. கண்டெய்னரில் இரண்டும் அதனதன் பாட்டுக்கு ஓடும். டேட்டா குழம்பிப்போனால் அதைச் சேமித்து வைக்கும் வால்யூமை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம். ஒன்றே ஒன்று, கண்டெய்னரை உருவாக்கும் அச்சான இமேஜின் பெயருக்குப் பின்னால் 'லேட்டஸ்ட்' என்று போடாதீர்கள். அடுத்த பெரிய வெர்ஷன் வந்து யாராவது புது இமேஜை இழுத்ததும், பழைய டேட்டா ஃபைல்கள் ஒத்துவராது என்று சொல்லி சர்வர் எழுந்திருக்கவே மறுக்கும். 16 என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

பல கண்டெய்னர்களைச் சேர்த்து ஓட்ட எழுதும் கம்போஸ் ஃபைலில் இன்னொரு சிக்கல். 'டிபெண்ட்ஸ் ஆன்' போட்டால் டேட்டாபேஸ் தயாரான பிறகுதான் ஆப் கிளம்பும் என்று பலர் நம்புகிறார்கள். வெறுமனே எழுதினால், கண்டெய்னர் தொடங்கியதா என்று மட்டும்தான் அது பார்க்கும். உள்ளே போஸ்ட்கிரஸ் இன்னும் கண் விழித்திருக்காது. ஆப் போய்க் கதவைத் தட்டும், பதில் வராது, விழுந்துவிடும். இதற்குப் பத்து நொடி ஸ்லீப் போட்டு ஒப்பேற்றுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. மெதுவான மெஷினில் மறுபடி விழும். ஹெல்த்செக்கில், போஸ்ட்கிரஸ் தயாரா என்று கேட்கும் 'பிஜி இஸ்ரெடி' கட்டளையைக் கொடுத்து, 'டிபெண்ட்ஸ் ஆன்' பகுதியில் 'சர்வீஸ் ஹெல்தி' நிபந்தனையைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

சரி, நம் கோட்? லினக்ஸில் கண்டெய்னர், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான அதே கெர்னலில் நேரடியாக ஓடுகிறது, வேகம் பெரிதாகக் குறையாது. மேக்கிலும் விண்டோஸிலும் நடுவில் ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின் உட்கார்ந்திருக்கிறது. வெளியே இருக்கும் ஃபோல்டரைக் கண்டெய்னருக்குள் இணைத்தால் (மவுன்ட்) ஒவ்வொரு ஃபைலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். நோட் ஆப்பின் லைப்ரரிகள் இருக்கும் 'நோட் மாட்யூல்ஸ்' ஃபோல்டர் மாதிரி ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் இருந்தால் ரீலோடுக்குக் காத்துக்கிடக்க வேண்டியதுதான். அதை மட்டும் தனி வால்யூமில் வைத்தால் கொஞ்சம் பரவாயில்லை. லினக்ஸ்காரர்களுக்கு வேறு தொல்லை: உள்ளே ரூட்டாக (அட்மின் கணக்கில்) ஓடினால், அது உருவாக்கிய ஃபைல்களை வெளியிலிருந்து திருத்த அனுமதி கிடைக்காது. அப்புறம், டெவ் சர்வர் கண்டெய்னருக்குள் 127.0.0.1இல் (உள்ளேயிருந்து மட்டும் எட்டும் முகவரி) மட்டும் ஓடினால், போர்ட்டைத் திறந்துவிட்டும் பிரவுசரில் ஒன்றும் வராது, 0.0.0.0 என்று மாற்ற வேண்டும்.

சாதாரண பைத்தான் ஆப்புக்கோ நோட் ஆப்புக்கோ இவ்வளவு பாடு எதற்கு? மொழியின் வெர்ஷனை மாற்றித்தரும் வெர்ஷன் மேனேஜரும், லைப்ரரிகளின் வெர்ஷனை நிலையாகக் குறித்துவைக்கும் லாக் ஃபைலும் போதும்.

படங்களைக் கையாளும் சி லைப்ரரிகள் வேண்டும், டீமில் ஆளுக்கொரு ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் விஷயம் வேறு. அப்போது உள்ளே போகலாம், ஆனால் முழுசாகப் போக வேண்டும். கண்டெய்னருக்குள்ளேயே கோட் எழுதும் சூழலை விவரிக்கும் டெவ்கண்டெய்னர் ஃபைல் எழுதி எடிட்டரையும் உள்ளே இணைத்துவிடுங்கள். எடிட்டர் வெளியே, லைப்ரரிகள் உள்ளே என்று விட்டால், சரியான இம்போர்ட்டுக்கும் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். கோட் மாறும்போதெல்லாம் தானாக டெஸ்ட் ஓட்டும் சிஐயும் அதே இமேஜில் ஓடட்டும். இல்லாவிட்டால் டெஸ்ட் இங்கே பாஸ், அங்கே ஃபெயில் என்று பழைய சண்டைதான் திரும்ப வரும். அந்த இமேஜை அவ்வப்போது புதுப்பிக்க டீமில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அப்படி ஆள் கிடைக்காத டீம் டேட்டாபேஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது.