கல்கி ஆசிரமத்தில் ரூ.500 கோடி ரொக்கம் பிடிபட்டதா?

'கல்கி ஆசிரமத்தில் 500 கோடி ரூபாய் ரொக்கம் பிடிபட்டது. அதை நன்கொடை கொடுத்தவர்களுக்கே அரசு பிரித்துத் தருகிறது, ஆதார் எண்ணை அனுப்புங்கள்.' சேலம், ஏற்காடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

கல்கி பகவான் என்ற ஆன்மிக குருவின் இந்த ஆசிரமக் குழுமத்தில் சோதனை நடந்தது உண்மை. 2019 அக்டோபரில் சென்னை, ஐதராபாத், பெங்களூரு, ஆந்திராவின் வரதையபாளையம் என சுமார் 40 இடங்களில் வருமான வரித்துறை சோதித்தது. ஆனால் 500 கோடி என்பது கணக்கில் காட்டாத வருமானம் என்று துறை போட்ட மதிப்பீடு. அதில் பெரும்பகுதி, 2014-15 முதல் கணக்கில் வராமல் பல மையங்களில் ரொக்கமாக வாங்கியதாகச் சொல்லப்பட்ட 409 கோடி. கையில் சிக்கியது 43.9 கோடி ரொக்கம், 25 லட்சம் அமெரிக்க டாலர், 88 கிலோ தங்கம், வைரங்கள். மொத்தம் சுமார் 93 கோடி. மதிப்பீடு தீர்ப்பு ஆகாது, இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, பணம் பக்தர்களுக்கு வருமா? வராது. சோதனை நடந்தபோது நடைமுறையில் இருந்த வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 132பி-யின்படி, கைப்பற்றிய சொத்து முதலில் வரி பாக்கிக்குப் போகும். மிச்சம் யாரிடம் எடுத்தார்களோ அவர்களுக்கே திரும்பும்.

மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலக இணையதளத்தில் இந்தச் சோதனை பற்றிய 2019 அக்டோபர் அறிக்கையைப் பார்க்கலாம். அதில் குழுமத்தின் பெயர் இருக்காது. பெயரைச் சொன்னவை செய்தித்தாள்கள்.

நம்பிப் பணம் கொடுத்த குடும்பங்கள் நம் ஊரிலும் இருக்கலாம். அவர்களை இன்னொரு முறை ஏமாற்றத்தான் ஆதார் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து இதை யாருக்கும் அனுப்பாதீர்கள். வந்த குழுவிலேயே தவறு என்று சொல்லிவிடுங்கள்.