படத்தின் கீழே ஒரு பெயர்

மொரிசியஸின் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களில், இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த நம் முன்னோரின் புகைப்படங்கள் இருக்கின்றன. மொரிசியஸில் படம் எடுக்கும் ஒவ்வொருவரும் அவற்றை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பேன். அவை அன்பினால் எடுக்கப்பட்டவை அல்ல. ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்கள் தம் புகைப்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியது. சீட்டு இல்லாமல் பிடிபட்டவரை ஊர்சுற்றி என்று கைது செய்ய முடிந்தது. அந்தக் கொடுமையை எதிர்த்து 1871இல் 9,401 பேர் மனு அளித்தார்கள்.

இருந்தும், அந்த முகங்களில் எதுவும் அநாதையாக இல்லை. ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட எண்ணைப் பிடித்துக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினால் பெயர், தந்தை பெயர், ஊர், வந்த கப்பல் எல்லாம் கிடைக்கின்றன. எழுத்தர் காதில் விழுந்தபடி சிதைத்து எழுதிய பெயர்தான். ஆனாலும் அதை வைத்தே இன்று பல குடும்பங்கள் தம் பூர்வீக ஊரைத் தேடிச் செல்கின்றன.

ஆறு ஆண்டுகளுக்கு முன், தைப்பூசத்தன்று, காத்ர் போர்ன் நகரில் கோர் த கார்ட் மலையடிவாரக் கோவிலுக்கு வெளியே ஒரு பெரியவரைப் படம் எடுத்தேன். நேர்த்தி முடிந்து, நாக்கிலிருந்த வேலைக் கழற்றிவிட்டு, வெறும் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு மரநிழலில் உட்கார்ந்திருந்தார். காவடியையும் அலகையும் தேடி வரும் கேமராக்கள் அவரை விட்டு நகர்ந்திருந்தன. களைப்பும் நிறைவும் ஒன்றாகத் தெரிந்த அந்த முகத்தில் இலைகளின் ஊடாக வெயில் விழுந்தது. நான் எடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த படம் அது. "காவடி எடுத்த பக்தர், மொரிசியஸ்" என்று அதன் கீழ் எழுதினேன்.

சென்ற ஆண்டு கோவில் மண்டபத்தில் அதைக் காட்சிக்கு வைத்தபோது, ஓர் இளைஞர் வெகுநேரம் அதன் முன் நின்றார். பிறகு என்னிடம் வந்து, கோபமே இல்லாமல், இங்கே பேச்சுமொழியான கிரியோலில் கேட்டார்: "எங்கள் தாத்தாவின் பெயர் ஏன் இதில் இல்லை?" பெரியவர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார்.

நம் மக்களை அடக்கி வைக்க நினைத்த அரசு எழுதி வைத்த பெயரை, அவர்களை நேசிப்பதாகச் சொல்லும் நான் எழுதவில்லை. பயணப் புகைப்படக் கலையில் பரவிக் கிடக்கும் குறை இது. "தமிழ்ப் பெண்", "மீனவர்", "பூக்காரி" என்று எழுதும்போது அந்த மனிதரை அவருடைய வகைக்கு ஓர் எடுத்துக்காட்டாக மட்டும் ஆக்கிவிடுகிறோம். கூட்டத்தில் பெயர் கேட்க நேரமில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். ஒளி சரியாகும்வரை காத்திருக்க நமக்கு நேரம் இருக்கிறது. பெயர் வெளியிட வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அது அவர் உரிமை. ஆனால் அதைச் சொல்லும் வாய்ப்பையாவது அவருக்குத் தர வேண்டும்.

அந்த இளைஞருக்குத் தாத்தாவின் பெயரைப் பிரெஞ்சு எழுத்துகளில்தான் எழுதத் தெரிந்தது. தமிழில் எப்படி எழுதுவது என்று தாயாரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, படத்தின் அடியில் நான் எழுதினேன்.