ரான் ஹெயின்சிக்குக் கோப்பை ஓசியில் கிடைக்கவில்லை

ஐஸ் ஹாக்கித் தடுப்பாட்டக்காரர் ரான் ஹெயின்சியைப் பற்றி ஒருவர், "907 ஆட்டம் ஆடியும் பிளேஆஃப் பக்கமே போகாத மட்டமான ஆள், 2017-ல் பிட்ஸ்பர்க் தயவில் ஸ்டான்லி கோப்பையைத் தொட்டார்" என்று எழுதியிருக்கிறார். (பிளேஆஃப் என்பது சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் நாக்-அவுட் சுற்று; அதில் ஜெயிக்கும் அணிக்குத்தான் ஸ்டான்லி கோப்பை.) 907 என்ற எண் சரி, என்ஹெச்எல் என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் வரலாற்றில் அப்போது அது ஒரு சாதனையாகத்தான் இருந்தது. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தப்பு.

பிளேஆஃப் போவது அணி, தனி ஆள் அல்ல. ஹெயின்சி ஆடிய அணிகளைப் பாருங்கள். கொலம்பஸிலிருந்து 2008-ல் கிளம்பினார், அடுத்த ஆண்டே அந்த அணி முதன்முறையாகப் பிளேஆஃப் போனது. சேர்ந்த அட்லாண்டாவோ தன் ஒரே பிளேஆஃபை 2007-லேயே முடித்துவிட்டது! அணி வின்னிபெக்குக்கு இடம் மாறியபோது கூடவே போனார். 2013-ல் விலகினார், அவர்கள் 2015-ல் உள்ளே போனார்கள். அப்புறம் கரோலினாவில் நான்கு சீசன், அதுவும் வறண்ட காலம். ஜாதகக் கோளாறு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பிட்ஸ்பர்க் அவரை 2017 பிப்ரவரியில் வாங்கியது. அந்த அணியின் முக்கியத் தடுப்பாட்டக்காரர் கிரிஸ் லெட்டாங் காயத்தால் பிளேஆஃப் முழுக்க ஆடவில்லை. ஹெயின்சி 25 ஆட்டங்களிலும் இறங்கினார், சராசரியாக 20 நிமிடத்துக்கு மேல் பனியில் இருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து வாங்கிய கோப்பை அல்ல அது.

இன்னொன்று: மாண்ட்ரியல் அணி 2000-ல் டிராஃப்டில் (அணிகள் வரிசைப்படி இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) 13-வது தேர்வாக எடுத்து, 2005-ல் கைவிட்ட ஆள் அவர். மட்டமான தடுப்பாட்டக்காரரை அதற்குப் பிறகும் 1,000 ஆட்டங்களுக்கு மேல் யார் களமிறக்குவார்கள்?